வீட்டுப் பற்று குறைந்தால் வீட்டுப் பத்திரம் சீக்கிரம் திரும்பும்



நம்மிடம் வாடிக்கையாகச் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடைக்காரர் ஒருவர் சென்ற மாதம் பாக்கி தீர்க்க வந்தார். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, பையிலிருந்து ஒரு வங்கிக் கடிதத்தை எடுத்து நீட்டினார். "அண்ணாச்சி, அஞ்சு வருஷமா ஒரு தவணைகூடத் தவறாமக் கட்டியிருக்கேன். வாங்கினது 20 லட்சம். இன்னும் பதினேழே முக்கால் லட்சம் நிக்குதுன்னு போட்டிருக்கு. கம்ப்யூட்டர்ல ஏதும் தப்பா ஏறியிருக்குமோ?" என்று கேட்டார்.

கால்குலேட்டரை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தோம். கம்ப்யூட்டரில் தப்பில்லை. 9 சதவீத வட்டி, அதாவது நம் பாஷையில் முக்கால் வட்டி. 20 லட்சத்துக்கு 20 ஆண்டுத் தவணை என்றால் மாதம் 17,995 ரூபாய் வரும். ஐந்து ஆண்டில் 60 தவணை, ஏறக்குறைய 10 லட்சத்து 80 ஆயிரம் கட்டியிருக்கிறார். அதில் வட்டிக்குப் போனது எட்டரை லட்சத்துக்கும் மேல். அசலில் கழிந்தது இரண்டேகால் லட்சம்தான். பத்து ஆண்டு முடிந்தால் பாதி தீர்ந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தார். பத்து ஆண்டு முடிவிலும் 14 லட்சத்து 20 ஆயிரம் நிற்கும் என்று சொன்னபோது முகம் வாடிவிட்டது.

அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதினால் நம் சங்க உறுப்பினர்கள் பலருக்கும் உதவும் என்று தோன்றியது. நம்மில் வீட்டையோ கடைக் கட்டடத்தையோ வங்கியில் வைக்காதவர்கள் குறைவு. மளிகை வியாபாரியே வீட்டுச் செலவைக் குறைக்கச் சொல்லி எழுதலாமா, ஊரே அப்படிச் செய்தால் நம் கடையில் யார் சரக்கு வாங்குவார்கள் என்று சிலர் சிரிப்பார்கள். பருப்பையும் அரிசியையும் யாரும் குறைக்கப் போவதில்லை. குறைக்க வேண்டியவை வேறு. அதைக் கீழே சொல்கிறோம்.

தவணை எப்படிக் கழிகிறது?

முதல் மாதம் 20 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி 15,000 ரூபாய். தவணை 17,995. வட்டி போக அசலுக்குப் போவது 2,995 ரூபாய் மட்டுமே. அடுத்த மாதம் அசல் அந்த அளவு குறைந்திருப்பதால் வட்டி இருபத்திரண்டு, இருபத்து மூன்று ரூபாய் குறையும். அந்தச் சில்லறை அசலுக்குப் போகும். இப்படி நத்தை வேகத்தில்தான் ஆரம்ப ஆண்டுகள் நகரும். 20 ஆண்டும் முறையாகக் கட்டினால் மொத்தம் 43 லட்சத்து 19 ஆயிரம் ஆகிறது. வாங்கிய 20 லட்சத்துக்கு 23 லட்சத்துக்கு மேல் வட்டி.

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மாதத் தவணைக்கு மேல் நாம் தனியாகக் கட்டும் பணத்தில் வட்டிக்கு ஒரு காசும் போவதில்லை. அத்தனையும் அசலில் விழும். அதே கடனில் முதல் மாதத்திலிருந்து 1,000 ரூபாய் கூட்டிக் கட்டினால் 31 மாதம் முன்னதாக முடியும். 3,000 கூட்டினால் 14 ஆண்டில் முடிந்துவிடும். ஆறு ஆண்டு மிச்சம், வட்டியில் ஏறக்குறைய 8 லட்சம் மிச்சம். 5,000 கூட்டினால் 12 ஆண்டுகூட ஆகாது.

எப்போது கட்டுகிறோம் என்பது இன்னும் முக்கியம். கடன் வாங்கிய கையோடு 1 லட்சம் அசலில் கட்டினால் 30 தவணை குறையும். அதே 1 லட்சத்தைப் பத்து ஆண்டு கழித்துக் கட்டினால் குறைவது 13 தவணைதான். பிள்ளைகள் தலையெடுத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டுக் கதை

1995ல் எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினை ஆயிற்று. பூர்வீக வீடு அண்ணன் பங்குக்குப் போயிற்று. 1996ல் நாங்கள் தனியாக வீடு வாங்கினோம். கையிருப்பு போக 4 லட்சம் கடன். அன்று வட்டி 15 சதவீதம், ஒண்ணேகால் வட்டி. 15 ஆண்டு, மாதம் 5,701 ரூபாய். இன்றைய பிள்ளைகள் இந்த வட்டியைக் கேட்டால் நம்ப மாட்டார்கள். அன்று அதுவே பெரிய சலுகை மாதிரி இருந்தது.

ஓராண்டு கழித்துக் கணக்குச் சீட்டு வந்தது. கட்டியது 68,412. வட்டி 60,000. அசலில் கழித்தது 8,412. எங்கள் வீட்டம்மா எட்டாவது வரைதான் படித்தவர். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டு மாசம் கட்டுனதுல ஒன்றரை மாசத்துக் காசுதாங்க வீட்டுக்குப் போயிருக்கு. மத்ததெல்லாம் வாடகை மாதிரிதான்" என்றார். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த நமக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த ஆண்டு மல்லி விலை இறங்கி நம் மண்டியில் சரக்குத் தேங்கிக் கிடந்தது. வியாபாரம் இன்னும் இரண்டு ஆண்டு இப்படியே போனால் வீடு நம் கையில் இருக்குமா என்ற பயமும் இருந்தது.

செலவைக் குறைப்போம் என்றோம். எதைக் குறைப்பது? மாதம் வீட்டுக்கு என்ன ஆகிறது என்றே நமக்குத் தெரியவில்லை. மண்டிக் கணக்கில் ஒரு சாக்கு குறைந்தால் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து தேடுவோம். வீட்டுக் கணக்கைக் கேட்டால் "ஒரு ஏழாயிரம் ஆகும்" என்று குத்துமதிப்பாகச் சொன்னோம். நம் தொழிலில் உள்ள பெரிய ஓட்டை இதுதான். மாதச் சம்பளக்காரருக்கு முதல் தேதி கைக்கு வருவது இவ்வளவு என்று தெரியும். நமக்குக் கல்லாதான் சம்பளம். காலையில் பால்காரனுக்கு ஐம்பது, பள்ளிக்கூடத்துக்கு நூறு, விருந்தாள் வந்தால் இருநூறு என்று கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுப்போம். சிட்டையில் எழுத மாட்டோம். சரக்கும் அப்படியே. நம் கடைச் சரக்குதானே என்று எடுத்துப் போனது எதுவும் பற்றில் ஏறாது.

வீட்டம்மா ஒரு நூறு பக்க நோட்டுப் போட்டார். காசாக வந்தது ஒரு பக்கம், சரக்காக வந்தது எதிர்ப்பக்கம். சரக்குக்கு அன்றைய சில்லறை விலையைத்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "வெளியில வித்தா அந்த விலைதானே கிடைக்கும்" என்றார். அது சரிதான். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 10,900 வந்தது. ஏழாயிரம் என்று நினைத்த வீட்டில் கிட்டத்தட்ட நாலாயிரம் கண்ணுக்குத் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

போன இடத்தைப் பார்த்தால் வேடிக்கை. முதலில் கடைச் சரக்கு. வீட்டுக்கு என்று முதல் தரத்தையே எடுத்துப் போவோம். முந்திரி, திராட்சை, ஏலக்காய் எல்லாம் அளவில்லாமல் போகும். வருகிற உறவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பை கட்டிக் கொடுப்போம். ஊரில் நல்ல பெயர்தான். ஆனால் மாதம் 900 ரூபாய். அடுத்தது இரவுப் பலகாரம். மண்டி சாத்தி வரும்போது ஓட்டலிலும் பேக்கரியிலும் வாங்கி வருவது 400. நடந்தே போகக்கூடிய தூரத்துக்கு ஸ்கூட்டர், ஆட்டோ 350. எஸ்.டி.டி. பேச்சு 250. அந்த நாளில் இரவு பதினொரு மணிக்கு மேல் பேசினால் கட்டணம் வெகுவாகக் குறையும். அது தெரிந்தும் பட்டப்பகலில் சம்பந்தி வீட்டாரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். இன்னும் சில்லறை இனங்கள் ஒரு 300. ஆக மாதம் 2,200 ரூபாய் யாருக்கும் வயிறு காயாமல் மிச்சமாயிற்று.

எதைத் தொடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் குடித்த பால் குறையவில்லை. பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருந்து, வேலையாட்களுக்குத் தீபாவளிக்குக் கொடுக்கும் துணி, போனஸ் எதிலும் கை வைக்கவில்லை. மொய் எழுதுவதையும் நிறுத்தவில்லை. மொய் நமக்குத் திரும்பி வர வேண்டிய வரவு, நம் பக்கத்தில் அதை நிறுத்தினால் மரியாதையும் போகும், பணமும் போகும்.

ஒரு விஷயத்தில் தவறு செய்தோம். மொட்டை மாடித் தட்டோட்டில் விரிசல் விட்டிருந்தது. கொத்தனார் 3,000 கேட்டார். அந்த ஆண்டு அசலில் கட்ட வேண்டிய பணத்தைத் தொடக் கூடாது என்று வைராக்கியமாக இருந்துவிட்டோம். 1999 ஐப்பசி மழையில் நடுக்கூடத்துக் காரை பெயர்ந்து விழுந்தது. நல்ல வேளை, அந்த நேரம் அங்கே ஆளில்லை. கம்பி துருப்பிடித்திருந்ததால் 14,000 செலவாயிற்று. அன்றிலிருந்து வீட்டு மராமத்து, மருத்துவம், காப்பீடு மூன்றையும் குறைக்கும் இனத்தில் சேர்ப்பதில்லை.

மிச்சம் பிடித்த 2,200ல் 2,000 ரூபாயை மாதா மாதம் அஞ்சலகச் சேமிப்பில் வீட்டம்மா பெயரில் போட்டோம். கல்லாவிலேயே வைத்திருந்தால் அது சரக்காக மாறியிருக்கும். நம் கை அப்படி. ஆண்டுக்கு 24,000 சேரும். எங்கள் கடனில் அசலை ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் கடைசியில்தான் கழிப்பார்கள். இடையில் எப்போது கட்டினாலும் அந்த ஆண்டு வட்டி குறையாது. ஆகவே மார்ச் மூன்றாவது வாரம் எடுத்துக் கட்டுவோம். முன்கூட்டிக் கட்டும் தொகைக்கு 2 சதவீதம் கட்டணம் என்று 480 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். கடனைத் திருப்பிக் கொடுப்பதற்கும் அபராதமா என்று சண்டை போட்டோம். பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். படிக்காமல் கையெழுத்துப் போட்டது நம் குற்றம்தான்.

15 ஆண்டுக் கடன் எட்டாவது ஆண்டு முடிவில், 2004 மார்ச்சில் தீர்ந்தது. கடைசியில் நின்ற 18,925 ரூபாய்க்கு வீட்டம்மா போட்டிருந்த ஏலச்சீட்டுப் பணம் கைகொடுத்தது. மொத்தம் கட்டியது 7 லட்சத்து 34 ஆயிரம். சாதாரணமாகக் கட்டியிருந்தால் 10 லட்சத்து 26 ஆயிரம் ஆகியிருக்கும். இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல், அன்றைய மதிப்பில், எங்கள் வீட்டிலேயே தங்கிற்று. அந்த ஏழு ஆண்டுத் தவணைதான் மூத்தவனைக் கல்லூரியில் படிக்க வைத்தது.

இன்றைய வீட்டுக்கு

இன்று எஸ்.டி.டி. கிடையாது. கல்லாவின் இடத்தை இப்போது கைபேசி பிடித்துக்கொண்டது. கடையில் வசூலாகும் பணம் எந்தக் கணக்கில் விழுகிறதோ, அதே கணக்கிலிருந்து வீட்டில் நாலு பேரும் கியூ.ஆர். அட்டையைக் காட்டிச் செலவு செய்கிறார்கள். நூறு, இருநூறாகப் போவது தெரிவதில்லை. ஆனால் ஒரு சௌகரியம், எல்லாம் பதிவாகியிருக்கிறது. மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்துச் சிவப்பு மையால் வீட்டு இனங்களைக் குறித்துப் பாருங்கள். யாரும் பார்க்காத சினிமாச் சந்தா, மூன்று சிம்முக்கு ரீசார்ஜ், இரவு பத்து மணிக்கு வீட்டு வாசலில் வந்து இறங்கும் பிரியாணி, தவணையில் வாங்கிய இரண்டாவது பைக் எல்லாம் கண்ணில் படும். நாம் மளிகை விற்றுக்கொண்டு, நம் வீட்டுக்கு மளிகை ஆன்லைனில் வருவதும் சில வீடுகளில் நடக்கிறது. அதை என்னவென்று சொல்வது!

கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று பிரித்துவிடுங்கள். மாதம் முதல் தேதி வீட்டுக் கணக்குக்கு ஒரு தொகையை மாற்றி, அதற்குள் குடும்பம் நடக்கட்டும். அதே நாளில் கடனுக்கான கூடுதல் தொகையும் போய்விட வேண்டும். மாதக் கடைசியில் மிச்சமானால் கட்டலாம் என்றால் ஒரு மாதமும் மிச்சமாகாது.

மின்சாரத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022ல் மாற்றியமைத்த வீட்டுக் கட்டண முறையில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. கீழே 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுக்கும் உயர்ந்த விலை போட்டுவிடுகிறார்கள். 490ல் நிற்பதற்கும் 510ல் நிற்பதற்கும் வித்தியாசம் இருபது யூனிட் காசு மட்டுமல்ல. இரண்டு மாதக் கணக்கு முடியும் தருவாயில் மீட்டரைப் பார்க்கும் பழக்கம் வீட்டில் ஒருவருக்காவது வேண்டும்.

எந்தக் கடன் முதலில்?

இங்கேதான் நம்மவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். வீட்டுக் கடன் பெரிதாகத் தெரிவதால் அதையே முதலில் அடைக்கப் பார்க்கிறார்கள். பெரிய கடன் வேறு, விலை உயர்ந்த கடன் வேறு.

தினத்தண்டலை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் நூறு வீதம் நூறு நாள். 1,500தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிக்கொண்டிருப்பதால், சராசரியாக நம் கையில் நிற்பது 8,500ல் பாதிதான். அதற்கு நூறு நாளைக்கு 1,500 என்றால் ஆண்டுக்கு நூறு சதவீதத்தையும் தாண்டிப் போகிறது. இதைத் தலையில் வைத்துக்கொண்டு முக்கால் வட்டிக் கடனை முன்கூட்டிக் கட்டுவது எந்த ஊர்க் கணக்கு? தண்டல் முதலில், அடுத்து கிரெடிட் கார்டு பாக்கி, அடுத்து நகைக் கடன். வீட்டுக் கடன் வரிசையில் கடைசி.

இதில் யாரும் கடனாக நினைக்காத ஒரு கடன் உண்டு. அது கடன் சரக்கு. மொத்த வியாபாரி என்ற முறையில் இதைச் சொல்ல நமக்குக் கொஞ்சம் கூச்சம்தான். ரொக்கத்துக்கு எடுத்தால் நூற்றுக்கு ஒரு ரூபாய் தள்ளுபடி, 15 நாள் கழித்துக் கொடுத்தால் முழு விலை என்று பல மண்டிகளில் நடக்கிறது. 15 நாளைக்கு ஒரு ரூபாய் என்றால் மாதத்துக்கு இரண்டு ரூபாய், ஆண்டுக்கு 24 சதவீதம். கையில் 50,000 இருக்கிறது, அதை 9 சதவீத வீட்டுக் கடனில் கட்டிவிட்டு, அதே வாரம் துவரம் பருப்பையும் உளுந்தையும் கடனுக்கு எடுக்கிறார் ஒருவர். 9 மிச்சம் பிடிக்க 24 கொடுக்கிறார். முதலில் கொள்முதலை ரொக்கத்துக்கு மாற்றுங்கள். அந்தத் தள்ளுபடியில் வரும் பணத்தை வீட்டுக் கடனில் கட்டுங்கள். வீட்டுச் செலவில் ஒரு ரூபாயும் குறைக்காமல் கூடுதல் தவணை கிடைத்துவிடும். (தள்ளுபடி கொடுத்துக் கொடுத்து நம் லாபம் குறைகிறதே என்று சக மொத்த வியாபாரிகள் நம்மைக் கோபிக்க வேண்டாம். ரொக்கம் வந்தால் நமக்கும் வங்கி வட்டி மிச்சம்.)

இன்னொன்று, கையில் இருப்பதை எல்லாம் கொண்டுபோய்க் கட்டிவிடக் கூடாது. சாதாரண வீட்டுக் கடனில் கட்டிய பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது. 2020 ஊரடங்கில் இதைப் பார்த்தோம். மளிகைக்கு அனுமதி இருந்தாலும், பாத்திரக் கடை, ஜவுளிக் கடை வைத்திருந்த நம் நண்பர்கள் வாரக்கணக்கில் சாத்திக் கிடந்தார்கள். அந்த மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது. ஆனால் தள்ளிப்போட்ட காலத்துக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆறு மாதத் தவணையும் வீட்டுச் செலவும் வைப்பில் இருக்கட்டும். அதற்கு மேல் வருவதைக் கட்டலாம். வியாபாரிகளுக்கு ஓவர்டிராப்ட் முறையில் வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிகளும் உண்டு. கைவசம் உள்ள பணத்தை அதில் போட்டு வைத்தால் அத்தனை நாளும் வட்டி குறையும், சரக்குக்கு வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். வட்டி விகிதம் சற்றுக் கூடுதலாக இருக்கும். பணம் வந்து போய்க்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அது பொருந்தும். எடுத்த பணத்தைத் திரும்பப் போடாதவர்களுக்குப் பொருந்தாது.

வரிக்காகக் கடனை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் நண்பர்கள் இருப்பார்கள். புதிய வருமான வரி முறையில், நாமே குடியிருக்கும் வீட்டுக்கு வட்டிக் கழிவு கிடையாது. பழைய முறையில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை உண்டு. அப்போதும் ஒரு ரூபாய் வட்டி கட்டினால் வரியில் மிச்சமாவது இருபது, முப்பது காசுதான். ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கியில் கேட்க வேண்டியவை

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கிகள் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2012லேயே ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டுவிட்டது. நாம் கட்டிய 480 ரூபாய் இன்று யாரும் கட்ட வேண்டியதில்லை. நிலையான வட்டி என்றால் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். கடைக்காக, வியாபாரத்துக்காகச் சொத்தை வைத்து வாங்கிய கடனில் இந்தக் கட்டணம் நம்மவர்களை நெடுநாள் உறுத்தி வந்தது. 2026 ஜனவரி 1 முதல் வழங்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் மாறும் வட்டிக் கடன்களில், தனிநபர்களும் சிறு, குறு நிறுவனங்களும் தொழிலுக்காக வணிக வங்கிகளில் வாங்கியதற்கும் கட்டணம் இல்லை என்று ஆகியிருக்கிறது. கூட்டுறவு வங்கி, சிறு நிதி வங்கி, நிதி நிறுவனங்களில் தொகை வரம்பு முதலிய வேறுபாடுகள் உண்டு. புதுப்பிக்கும்போது எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கூடுதல் தொகை கட்டும்போது அங்கே ஒரு கேள்வி கேட்பார்கள், அல்லது கேட்காமலே ஒன்றைச் செய்துவிடுவார்கள். மாதத் தவணையைக் குறைப்பதா, காலத்தைக் குறைப்பதா? காலத்தைக் குறைக்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். தவணை குறைந்தால் அந்த மிச்சம் மறுபடி கல்லாவில் கரைந்துவிடும். இரண்டு நாள் கழித்துக் கணக்குச் சீட்டு எடுத்து, அசல் குறைந்திருக்கிறதா, கடைசித் தவணை மாதம் முன்னால் வந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் கடைக்காரர் ஒருவர் கட்டிய 75,000 ரூபாயை வரப்போகும் தவணைகளுக்கு முன்பணமாக வரவு வைத்திருந்தார்கள். அசலில் ஒரு ரூபாயும் குறையவில்லை. நான்கு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்.

வட்டி ஏறும்போதும் விழித்திருக்க வேண்டும். 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரெப்போ விகிதம் 4லிருந்து ஆறரை சதவீதமாயிற்று. 7 சதவீதத்தில் 20 லட்சம், 20 ஆண்டுக்கு வாங்கியவரின் தவணை 15,506. வட்டி ஒன்பதரை ஆனால் 20 லட்சத்துக்கு மாத வட்டியே 15,833. தவணையைவிட வட்டி அதிகம்! தவணையை மாற்றாமல் காலத்தை நீட்டிக்கொண்டே போனதால் பலருக்கு இது தெரியவே இல்லை. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, ஒரு பகுதியைக் கட்டுவதா என்று கடன்காரரைக் கேட்க வேண்டும் என்று சொன்னது. கடிதம் வந்தால் பிரித்துப் படியுங்கள். வட்டி இறங்கும் காலத்தில் பழைய தவணையையே கட்டிவாருங்கள், குறைக்கச் சொல்லாதீர்கள்.

தவணை தவறினால் என்ன ஆகும் என்பதை விரித்து எழுத மனம் வரவில்லை. 90 நாள் தவறினால் வாராக்கடன். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே சொத்தைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம். முப்பது ஆண்டு கடை நடத்திய ஒருவரின் வீட்டுச் சுவரில் அந்த நோட்டீஸ் ஒட்டியிருந்ததை நாம் பார்த்திருக்கிறோம். அவர் சீட்டாடியோ குடித்தோ கெட்டவர் அல்ல. மகள் கல்யாணத்துக்குக் கடையையும் வீட்டையும் சேர்த்து வைத்தார், வீட்டுப் பற்றுக்குக் கணக்கே வைத்ததில்லை, அவ்வளவுதான்.

கடன் தீர்ந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2004ல் நாங்கள் பத்திரம் வாங்கப் போனபோது கிரயப் பத்திரம் இருந்தது, மூலப் பத்திரம் ஒன்றைக் காணவில்லை. வேறு ஊர்க் கிளைக்குப் போயிருக்கிறது என்று நான்கு மாதம் அலைய விட்டார்கள். கடன் வாங்கும்போது ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலில் கையெழுத்து வாங்கி வைத்திருந்ததால்தான் கிடைத்தது. 2023 டிசம்பர் 1 முதல், கடன் தீர்ந்த 30 நாளுக்குள் மூல ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தரப்பில் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. பட்டியலை வைத்து ஒவ்வொரு பத்திரமாகச் சரிபார்த்து வாங்குங்கள். பாக்கி இல்லை என்ற சான்றும் வாங்குங்கள். ஆவண ஒப்படைப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் அங்கேயே பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் வில்லங்கச் சான்றில் கடன் நின்றுகொண்டே இருக்கும். பிறகு விற்கவோ பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவோ போகும்போது இழுபறி வரும். ரசீது பதிவான பத்து, பதினைந்து நாளில் வில்லங்கம் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டு, அதன் பிறகு தவணை பிடிக்கும் அனுமதியை வங்கியில் ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.